சும்மா குழாய்

ஒரு கல்லூரியின் தரம் எதில் இருக்கிறது, ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டுவிட்டுப் போனாள் செல்வி. ஒரு பக்கமாம். கடலை டம்ளரில் மொண்டு கொடு என்கிறாள்.

செல்வி, நான் வேலை பார்த்த அதே வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம், கல்லூரியின் தரத்தை அளந்து பார்க்குமாம். அதை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்கள். குழு அனுப்பியிருந்த கேள்விகளை என்னிடம் படித்துக் காட்டினாள். வகுப்பறைகள் எத்தனை, நூலகத்தில் புத்தகங்கள் எத்தனை, ஆய்வுப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எத்தனை, நூற்றுக்குத் தேறியவர்கள் எத்தனை. எத்தனை, எத்தனை, எத்தனை. மழை விட்ட சாயங்காலம் சடையங்குப்பத்துப் பள்ளத்தில் தவளை கத்துவது போலக் காதில் ஓடிக்கொண்டே இருந்தது அந்தச் சொல். இதில் எது சார் முக்கியம் என்றாள். எல்லாமும்தான் அம்மா, புத்தகம் இல்லாமல் என்ன கல்லூரி, ஆனால் சும்மா குழாயைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையே என்றேன். சும்மா குழாயா என்று கேட்டு, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியாது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. ஆசிட் புகையோடு சண்டை போட்டுத் தோற்ற நுரையீரலுக்காக முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்ட ஆள் நான். தலை இன்னும் பாதிதான் நரைத்திருக்கிறது. ஞாபகமோ நரைக்கவே இல்லை. அது இன்றைக்கும் மூக்கில் அமோனியா ஏறினாற்போல நிமிர்ந்து உட்கார்கிறது. எழுதுகிறேன். பக்கம் எத்தனை ஆனால் என்ன.

அறுபதுகளின் நடுவில், நகரத்துக் கல்லூரி ஒன்றில் பட்டம் வாங்கிய ஈரம் காயாமல், இங்கே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்கு அருகே நின்று செய்து காட்டுகிற வேலை. திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஓடு போட்ட நீளக் கட்டடம், அதுதான் கல்லூரி. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் உள்ளே வரும். மேற்கு ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கிகள் உள்ளே வரும். இரண்டையும் மூடினால் வியர்வை. ஷிப்ட் மாறும் சங்குதான் எங்களுக்குப் பாடவேளை மணி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் மகன், ரயில்வே பட்டறைக்காரர் மகன், வலை இழுத்தவர் மகன், எல்லாரும் உப்புக் காற்றில் விறைத்த சட்டையோடு வந்து உட்கார்வார்கள். பெரும்பாலோர் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் கால் அவர்களுடையதுதான்.

துறைத் தலைவர் பிலோமினா மிஸ். ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில், மற்ற நாளெல்லாம் லேப். அவர் புடவை ஓரங்களை ஆசிட் அங்கங்கே தின்றிருக்கும், தின்ற இடத்தில் எல்லாம் நூலால் ஒரு சின்னப் பூ போட்டிருப்பார். வருடம் ஆக ஆகப் பூ கூடிக்கொண்டே போகும். மேடையில் நின்றால் வாயில் இங்கிலீஷும் ஏட்டுத் தமிழும். சோதனைக்கூடத்தில் கோபமோ சந்தோஷமோ தலைக்கு ஏறிவிட்டால் ராயபுரம் வந்துவிடும். அப்போது நான் மிஸ்டர் தணிகாசலம் இல்லை, நைனா.

சேர்ந்த முதல் நாள் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைக் கையில் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னார். வேதியியல் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: பொடியைத் தண்ணீரில் கரைத்து, அதில் சில்வர் நைட்ரேட் என்ற மருந்தை ஒரு துளி விட வேண்டும். தயிர் உறைந்தாற்போல வெள்ளையாகத் திரண்டால் அதில் குளோரைடு இருக்கிறது. கடல் உப்பும் குளோரைடுதான். நான் குழாயடிக்குப் போனேன், தண்ணீர் பிடித்தேன், கரைத்தேன், துளி விட்டேன். வெள்ளையென்றால் வெள்ளை. குளோரைடு மேடம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவர் இன்னொரு சோதனைக் குழாயை எடுத்தார். அதே தண்ணீர். பொடி எதுவும் போடவில்லை. ஒரு துளி. அதுவும் வெள்ளை.

"இப்ப சொல்லு நைனா. இந்த வெள்ள எங்கேர்ந்து வந்துச்சு?"

குழாயடிக்குத் தண்ணீர் தரும் எங்கள் கிணறு கடலோடு சம்பந்தம் செய்துகொண்ட கிணறு. அதில் வருவது பாதி உப்பு. எதைக் கரைத்தாலும் குளோரைடு என்றுதான் சொல்லும். நான் வகுப்பில் முதலாவதாக வந்து, பதக்கம் வாங்கி, கண்டுபிடித்தது திருவொற்றியூர்க் கிணற்றை.

எதுவும் போடாத அந்தக் குழாய்க்குப் புத்தகத்தில் பிளாங்க் டெஸ்ட் என்று பெயர். எங்கள் லேப் உதவியாளர் ஏகாம்பரம் வைத்த பெயர் சும்மா குழாய். மிஸ்ஸுக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது. காலையில் லேப் கதவு திறந்ததும் முதல் வேலை, காய்ச்சி வடித்த தண்ணீரில் சும்மா குழாய் போட்டு எல்லா மருந்தையும் ஒவ்வொரு துளி விட்டுப் பார்ப்பது. தெளிவாக இருந்தால்தான் வகுப்பு. மேற்கிலிருந்து காற்று அடிக்கிற நாளில் இன்னும் அதிகம் பார்ப்பார். கிழக்கே கடல் குளோரைடு அனுப்பும், மேற்கே ஆலை அமோனியா அனுப்பும், நடுவுல பசங்க இன்னா பண்ணுவானுங்க பாவம் என்று சிரிப்பார். ஒவ்வொரு மாணவனும் தன் ரேக்கில் முதல் குழாயைச் சும்மா குழாயாக வைக்க வேண்டும். வைக்காதவன் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இது தண்ணீரோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். பாடத்துக்கும் அவர் சும்மா குழாய் போட்டார். ஒரு பாடத்தை நடத்துவதற்கு முன்பே அதிலிருந்து கேள்வி கேட்பார், நடத்தி முடித்தபின் அதே கேள்வியை மறுபடி கேட்பார். நான் நடத்தறதுக்கு முன்னாடியே இவனுக்குத் தெரிஞ்சிருந்தா, நான் நடத்தி இன்னா கிழிச்சேன், அது எனக்குத் தெரிய வேணாமா என்பார். விடைத்தாள் திருத்தும்போது தானே ஒரு விடை எழுதி, இடது கையெழுத்தில், மாணவர்களின் கட்டில் செருகி என்னிடம் கொடுத்துவிடுவார். ஒரு முறை அவருக்கு நான் நாற்பது மதிப்பெண் போட்டிருந்தேன். அன்று முழுவதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு. சாயங்காலம் உட்காரவைத்து, ஏன் நாற்பது என்று வரிவரியாகக் கேட்டார். என் திருத்தலில் பாதி கையெழுத்தின் அழகுக்குப் போயிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கிளர்ச்சியை என்ன சொல்ல. தராசை நிறுக்க இன்னொரு தராசு! நான் அதுவரை படித்த படிப்பெல்லாம் எழுந்து நின்று சட்டையை உதறிக்கொண்டது.

புகுமுக வகுப்பு மட்டுமே இருந்த கல்லூரியில் பட்ட வகுப்பு தொடங்க அனுமதி கேட்ட வருடம் கமிஷன் வந்தது. கமிஷன் என்றால் பல்கலைக்கழகத்தின் பெரியவர்கள் சிலர் வந்து, நூலகம் பார்த்து, லேப் பார்த்து, இணைப்புக் கொடுக்கலாமா என்று எழுதுவது. அதற்கென்று அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கமிஷன் வருகிற கல்லூரிக்கு இன்னொரு கல்லூரி புத்தகம் கடன் கொடுக்கும், தராசு கடன் கொடுக்கும். கமிஷன் போனதும் எல்லாம் வண்டியேறி அடுத்த கல்லூரிக்குப் போகும். ஒரே புத்தகத்தை ஒரே கமிஷன் பல ஊரில் பார்த்து, நலமா என்று விசாரிக்காத குறை. எங்கள் தாளாளரும், பாவம், நல்ல மனிதர், ஊரார் முறையில் ஏற்பாடு செய்துவிட்டார். தட்டுவண்டி வந்து லேப் வாசலில் நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் தராசுகள், மணமகள் மாதிரி.

பிலோமினா மிஸ் வாசற்படியில் நின்றுகொண்டார். யாருடையது என்று கேட்டார். வண்டிக்காரர் சொன்னார். நாளன்னிக்கு இருக்குமா என்று கேட்டார். நாளைக்கே ஏத்திகினு போவணும்மா என்றார் வண்டிக்காரர்.

"அப்ப எம்பசங்க எத்தத் தொடுவானுங்க? திருப்பு வண்டிய."

வண்டி திரும்பியது. கமிஷன் எங்கள் மெலிந்த அலமாரிகளைப் பார்த்தது, இருந்த இரண்டு தராசைப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது. கிடைத்தது தற்காலிக இணைப்பு. வருடா வருடம் கையேந்திப் புதுப்பிக்க வேண்டும். முதல் அணி மாணவர்கள் பட்டத் தேர்வு எழுதி, தேர்வாளரின் அறிக்கையும் நல்லபடியாக இருந்தால் நிரந்தரம் பார்க்கலாம் என்றார்கள். தாளாளர் கொஞ்ச காலம் மிஸ்ஸிடம் பேசவில்லை. தண்ணீர் காய்ச்சி வடிக்க இன்னொரு வடிகலம் கேட்டு மிஸ் நடந்தபோதும், நிரந்தரம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார்.

அந்த முதல் அணியின் செய்முறைத் தேர்வு. எழுபதுகளின் தொடக்கம். இதற்குத்தான் இவ்வளவு நேரம் ஓடி வந்தேன்.

வெளித்தேர்வாளர் நகரத்திலிருந்து வந்தார். பேராசிரியர் வைத்தியநாதன். மூடிய கழுத்துக் கோட்டு, சங்கிலிக் கடிகாரம், குரலை உயர்த்தவே தேவைப்படாத மனிதர். முறை என்னவென்றால், தேர்வுக்கு முந்தைய நாளே லேப் பூட்டி முத்திரையிடப்படும், காலையில் அவர் முன்னால்தான் திறக்க வேண்டும். அதற்கு முன் எங்கள் யாருக்கும் உள்ளே வேலை இல்லை. ஆகவே வருடம் முழுவதும் நடந்த காலைச் சும்மா குழாய், அந்த ஒரு காலையில் நடக்கவில்லை. முந்தைய நாள் மத்தியானம் மிஸ் பார்த்தபோது தண்ணீர் தெளிவு. ஆனால் தேர்வுக்கு அத்தனை பேருக்கும் தண்ணீர் போதாதே என்று அதற்குப் பிறகு அந்த ஒற்றை வடிகலத்தை அவசரச் சூட்டில் ஓட்டி, வந்ததைப் பெரிய ஜாடியில் சேர்த்தோம். அவசரத்தில் கொதித்த கிணற்றுத் தண்ணீர் ஆவியாக மட்டும் வராமல் பொங்கி, உப்போடு தாவி வடிநீரில் கலந்திருக்கிறது. எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

தேர்வு தொடங்கியது. ஆளுக்கொரு பொட்டலம் உப்பு, ஆளுக்கொரு எண். பர்னர்கள் சீறின. சும்மா குழாய்க்குப் பல்கலைக்கழக முறையில் மதிப்பெண் கிடையாது, நேரமோ நெருக்கும், ஆகவே பையன்களில் பெரும்பாலோர் அன்றைக்கு அதை விட்டுவிட்டார்கள். நான் மேசைகளுக்கு நடுவே நடந்தேன். ஒரு மேசையில் வெள்ளை. அடுத்ததில் வெள்ளை. அதற்கடுத்ததிலும். எல்லாருக்கும் குளோரைடா கொடுத்தோம்?

கடைசி மேசையில் காசி கையைத் தூக்கினான். திருவொற்றியூர்க் குப்பத்துப் பையன், அண்ணன்கள் கட்டுமரம் தள்ளுகிறவர்கள். தேறினால் மணலிப் பக்கம் புதிதாக வந்துகொண்டிருந்த ஆலை ஒன்றில் கெமிஸ்ட் வேலைக்கு வாய்ப்பிருந்தது, தவறினால் ஒரு வருடமும் போகும், அந்த வேலையும் போகும். அவன் கைக்கு முன்னால் ரேக், ரேக்கில் முதல் குழாய். அதுவும் வெள்ளை.

"சார், தண்ணி சரியில்ல. வேற தண்ணி வேணும்."

வைத்தியநாதன் மெல்ல நடந்து வந்தார். உப்பைச் சோதிக்க வந்தாயா, தண்ணீரைச் சோதிக்க வந்தாயா என்று கேட்டார். காசி முதல் குழாயைத் தூக்கிக் காட்டினான். உன் உப்பில் என்ன வந்தது என்றார். வெள்ளை வந்தது சார் என்றான். பிறகென்ன, எழுது என்றார்.

காசி எழுதவில்லை. பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி பிலோமினா மிஸ்ஸைப் பார்த்தான்.

அந்த நேரத்தை என்னால் இன்றைக்கும் கையில் பிடித்துப் பார்க்க முடிகிறது. மிஸ் ஒரு சொல் சொன்னால் போதும், பையன் பயந்துவிட்டான் சார் என்று. தேர்வு ஓடிவிடும். குளோரைடு வாங்கியவர்களுக்கு முழு மதிப்பெண், மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறையும், அறிக்கை நல்லபடியாகப் போகும், நிரந்தரம் வரும். வாயைத் திறந்தால், வடித்த தண்ணீர்கூட ஒழுங்காக இல்லாத லேப் என்று பல்கலைக்கழகத்துக்குப் போகும். அணி முழுவதற்கும் வருடம் போகலாம், கல்லூரிக்குப் பட்ட வகுப்பே போகலாம்.

மிஸ் ஒரு குழாயை எடுத்துக் கழுவினார். ஜாடித் தண்ணீரைத் தேர்வாளர் கண் முன்னால் பிடித்தார். ஒரு துளி. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினார். பால்.

"பையன் சொல்றது சரி சார். எங்க தண்ணி கெட்டுப் போயிருக்கு. தேர்வ நிறுத்துங்க."

முதல்வரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கைக்குட்டையைக் கசக்கினார். வைத்தியநாதன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல தண்ணீர் வந்தால் எல்லாருக்கும் நேரத்தைப் புதிதாகத் தொடங்குகிறேன், வராவிட்டால் நான் பார்த்ததை எழுதுவேன் என்றார். மாணவர்கள் பேசாமல் வராந்தாவில் உட்காரட்டும் என்றார்.

எங்கே போவது? நகரத்துக் கல்லூரிகளுக்குப் போய்த் திரும்ப நேரம் இல்லை. வடிகலம் ஒரு ஜாடி நிரப்ப நாள் முழுக்க எடுக்கும். ஏகாம்பரம்தான் முணுமுணுத்தார், லாரி பேட்டரியில ஊத்துறாங்களேம்மா, அதுவும் இதே தண்ணிதானே. மிஸ் நிமிர்ந்தார். ஒரு பழுப்புச் சீசாவில் சில்வர் நைட்ரேட், கொஞ்சம் ஆசிட், கைநிறையக் குழாய்கள். என் பையில் திணித்தார். வாங்காதே, முதலில் பார், பார்த்துவிட்டு வாங்கு என்றார். இயற்பியல் துறைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் நான் முன்னால், ஏகாம்பரம் ஜாடியோடு சைக்கிள் ரிக்‌ஷாவில் பின்னால்.

ஆஹா, அந்தச் சாலை! லாரி, லாரி, லாரி. டாங்கர், டிரெய்லர், மாட்டுவண்டி, மீன்கூடை. டீசல் வாடையும் கருவாட்டு வாடையும் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டு நடக்கிற சாலை. முதல் பேட்டரிக் கடையில் இறங்கி, தண்ணீர் வேண்டும், ஆனால் சோதித்துத்தான் வாங்குவேன் என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கோப்பை கொடுத்தார். சாலையோரத்தில், கிரீஸ் மேசையில், சும்மா குழாய். ஒரு துளி. தயிர்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. தண்ணி பாலாவுது பார்டா என்றான் ஒருவன். மோர் கடஞ்சிகினு கீறியா சார் என்றான் இன்னொருவன். பேட்டரி மாட்டக் காத்திருந்த லாரி டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. குழாயை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார், கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இத்தயா மாமு என் வண்டியில ஊத்திகினு இருந்தே? அதான் மாசத்துக்கொரு பேட்டரி பூடுதா?"

அந்தச் சண்டையை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ஓடினோம். அடுத்த கடை, லேசான மங்கல். அடுத்தது, தாராளமான வெள்ளை. அதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிப்போயிருந்தது. காலேஜ் வாத்தியார் ஒருத்தர் மருந்து எடுத்துகினு வர்றாராம் என்று ஒரு கடையில் ஜாடியையே உள்ளே தூக்கி வைத்துவிட்டார்கள். என் விரல்கள் சில்வர் நைட்ரேட்டில் கறுத்துக்கொண்டிருந்தன. வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. எனக்கோ, இப்படிச் சொல்வது தப்போ என்னவோ, உள்ளே ஒரு கொண்டாட்டம். வடசென்னையே எங்கள் லேபாகிவிட்டது! சாலையே ரேக், கடைகளே குழாய்கள்!

தண்டையார்பேட்டை லாரி நிறுத்தத்தில் மஸ்தான் பாய் கடை. தாடியில் மருதாணி, வாயில் வெற்றிலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"அத்த வுடு சார். கலீஜா, நல்லதா, அத்தப் பாரு."

பார்த்தேன். ஒரு துளி. காத்திருந்தேன். இன்னொரு துளி. குழாயைச் சூரியனுக்குக் காட்டினேன். உள்ளே ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை என்பதைப் பார்த்து ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா! ஏகாம்பரம் ரிக்‌ஷாவிலிருந்து குதித்தார். பாய் ஜாடியை நிரப்பிக் கொடுத்துவிட்டு, கடையைத் தோஸ்து ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தானும் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டார். என் தண்ணி எங்க போவுதுன்னு நான் பாக்க வேணாமா என்றார்.

நாங்கள் வந்தபோது மிஸ் என் முகத்தைப் பார்த்தார், ஆனால் என் முகத்தை நம்பவில்லை. சில்வர் நைட்ரேட் மட்டுமல்ல, தேர்வில் பையன்கள் பயன்படுத்தும் மருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சும்மா குழாய் போட்டார். சல்பேட்டுக்கு, இரும்புக்கு, அமோனியாவுக்கு. வைத்தியநாதன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தானே வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் தெளிவு. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாய் மெதுவாகக் கேட்டார்.

"இன்னா சார், நம்ப தண்ணி பாஸா?"

அந்த அணியில் முதலில் தேறியது அந்தத் தண்ணீர்தான்.

பையன்கள் உள்ளே வந்தார்கள். இந்த முறை ஒருவன் விடாமல் எல்லாருடைய ரேக்கிலும் முதல் குழாய் சும்மா குழாய். யாரும் சொல்லவில்லை. முன்பு வெள்ளை கண்ட மேசைகளில் பாதிக்குமேல் இப்போது வெள்ளை இல்லை. நைட்ரேட் வந்தது, சல்பேட் வந்தது. அடித்து எழுதினார்கள், அடித்து எழுதும்போது அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்தக் குழு வந்து எந்தக் கட்டத்தில் நிரப்பும்?

வாய்மொழிக் கேள்விக்குக் காசி வந்து நின்றான். வைத்தியநாதன் அவன் விடைத்தாளைப் பார்த்தார், உப்பின் எண்ணைப் பார்த்தார், மறுபடி விடைத்தாளைப் பார்த்தார். பேரியம் குளோரைடு. சரியான விடை.

"குளோரைடுதானே. காலையில எழுதச் சொன்னப்பவே எழுதியிருக்கலாமே தம்பி?"

"காலையில எழுதியிருந்தா அது லக்கு சார். இது விடை."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டார். நான் மேசைக்கடியில் என் கறுத்த விரல்களைப் பிசைந்தேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் தேர்வறை.

கதை இத்தோடு சுபமாக முடிந்தால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். வைத்தியநாதன் பார்த்ததைத்தான் எழுதினார். மாணவர்களின் பயிற்சி நேர்த்தியானது என்று எழுதினார், லேபின் தண்ணீர் வசதி போதாது என்றும் எழுதினார். பையன்கள் தேறினார்கள். காசிக்கு வேலை கிடைத்தது. கல்லூரிக்கு நிரந்தரம் கிடைக்கவில்லை, இன்னொரு வருடம் தற்காலிகம். நம் வீட்டுக் குறையை விருந்தாளி முன்னால் விளக்குப் போட்டுக் காட்டிவிட்டீர்களே என்று தாளாளர் மிஸ்ஸிடம் வருத்தப்பட்டார். விளக்கு நம்மளோடதுதானே சார் என்றார் மிஸ். அறிக்கையில் எழுதியே வந்துவிட்டதால் இரண்டாவது வடிகலம் மட்டும் வாங்கியாக வேண்டியதாயிற்று.

மஸ்தான் பாய் தன் கடையில் ஒரு பலகை மாட்டினார். காலேஜில் பாஸ் ஆன தண்ணீர். லாரிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கொஞ்ச நாளில் இது மிஸ் காதுக்குப் போனது. ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தண்டையார்பேட்டையில் இறங்கி நேரே கடைக்குள் போய், பலகையைப் படித்து, கைப்பையைத் திறந்தார். உள்ளே ஜெபமாலை, பக்கத்தில் பழுப்புச் சீசா. பாய்க்கு வெற்றிலை தொண்டையில் நின்றது.

"இன்னா டீச்சரம்மா, இது அன்னிக்கே பாஸான தண்ணியாச்சே."

"அன்னிக்குத் தண்ணி அன்னிக்குப் பாஸ். இன்னிக்குத் தண்ணியக் காட்டு பாய்."

தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு, எந்த நாள் என்று சொல்லாமல், ராயபுரம் வீட்டுக்குப் போகிற வழியில் அவ்வப்போது இறங்கிவிடுவார். பாய் திட்டிக்கொண்டே டீ வாங்கித் தருவார், பேஜாருடா இந்தம்மாவோட என்று என்னிடம் சொல்வார், மிஸ் துளி விட்டு முடிக்கும் வரை அந்தக் குழாயிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். பாய் இருந்தவரை அந்தத் தண்ணீர் கெட்டதை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் நிரந்தர இணைப்பு வந்தது. தாளாளர் மகிழ்ந்துபோய் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். ஆசிரியர் அறையில் ஒரே ஆரவாரம். இனி கையேந்த வேண்டாம், இனி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார். பிலோமினா மிஸ்ஸைத் தேடினேன், காணவில்லை. லேபுக்குப் போனேன். இடது கையில் பாதி கடித்த லட்டு, வலது கையில் சோதனைக் குழாய். ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தார்.

"நிரந்தரம் வந்தாச்சு மிஸ்," என்றேன்.

"காகிதத்துக்கு வந்துச்சு நைனா. தண்ணிக்கு இன்னும் வரல," என்று சொல்லி, லட்டை வாயில் போட்டுக்கொண்டு, ஒரு துளி விட்டார்.

செல்வி, அந்தத் துளி குழாய்க்குள் இறங்குகிற அந்த நேரத்தில்தான் நான் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிறேன்.